கோடு விழாத கிண்ணம்

கதவு திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது.

"மேல ஏசி ஓடுதா?" என்றாள் தங்கை.

"சாமான் கெடக்கூடாதுன்னு ராத்திரி பகலா ஓடுது. ஏன்?" மாமா அவளுடைய கருவிப் பெட்டியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை. "நாளைக்கு ஏலக்காரர் வண்டி வருது. கடிகாரத்தை மட்டும் அவங்க ஆளுங்க தொட மாட்டாங்களாம். நீ கழட்டிக் கட்டிக் குடுத்துட்டுப் போ. மத்ததை அவங்களே தூக்கிடுவாங்க."

அக்கா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மாரடைப்பு என்றார் அக்காவின் கணவரான இந்த மாமா. மாடியில் சத்தம் கேட்டதாம். ஓடினாராம். அதற்குள் போய்விட்டதாம். ஊரிலிருந்து தங்கை வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாளா மாமா?"

"எத்தனை தடவை கேப்ப? ஒண்ணும் சொல்லல."

அவர் தொலைக்காட்சியின் முன் போய் உட்கார்ந்தார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். சமையல்கார அம்மா பின்னாலேயே வந்தாள். மாடிக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"நான் உள்ள வரலைங்க."

"ஏன்?"

"சும்மாத்தான்."

அறைக் கதவு பழைய தேக்கு. அதன் வெளிப்புறம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. புதுப் பித்தளை. திருகுகள் இன்னும் பளபளத்தன. பழைய மரத்தில் புதுத் திருகைக் கண்டாலே தங்கைக்குப் பற்றிக்கொண்டு வரும். பழைய மரச்சாமான்களைச் செப்பனிடுவது அவள் தொழில்.

"இது எப்போ போட்டது?"

"அம்மா இருக்கும்போதே போட்டாருங்க" என்றாள் சமையல்கார அம்மா. "போட்ட அன்னைக்கே, ஒரு வாரம் நீ வர வேண்டாம்னுட்டார்." பிறகு, பேசிவிட்டதற்காகப் பயந்தவள்போல, வேகமாகப் படி இறங்கினாள்.

தங்கை தாழ்ப்பாளைத் தள்ளித் திறந்தாள்.

உள்ளே பகல் இல்லை. அக்கா தைத்த இரட்டைத் திரை. வெயில் பட்டால் பழைய மரத்தின் நிறம் வெளுத்துப்போகும் என்பதால் அந்த அறைக்கு வெயிலே காட்ட மாட்டாள். தேன்மெழுகும் டர்பென்டைனும் கலந்த வாசனை. இடிக்கிற வீடுகளிலிருந்து ஒவ்வொன்றாக அக்கா தேடிக் கொண்டுவந்த பிரெஞ்சுச் சாமான்கள் இருட்டில் ஆட்கள்போல உட்கார்ந்திருந்தன. பளிங்குக்கல் பதித்த இழுப்பறைப் பெட்டி. குதிரைமுடி அடைத்த நாற்காலிகள். முன்பலகையைச் சாய்த்தால் எழுதுமேசையாக விரியும் உயர்ந்த அலமாரி. சுவரின் உயர்ந்த மாடத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், பொன்முலாம் பூசிய வெண்கலக் கடிகாரம்.

டப்.

மரம் வெடிக்கும் சத்தம். ஏசிக் காற்றில் ஈரம் வற்றினால் பழைய மரம் சுருங்கும். மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு கொப்பளித்துப் பிளக்கும். இருநூறு வருஷம் தாங்கியதை இந்த ஆள் ஒரு மாதத்தில் கொன்றுகொண்டிருந்தார். அவள் ஏசியை அணைத்தாள். அலமாரியின் முகத்தைத் தடவினாள். பூவேலையில் ஒரு இதழ் தூக்கிக்கொண்டு நின்றது.

"கட்டையில போறவன்" என்றாள், சத்தமாகவே.

ஈரம் காக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு சாமானின் அடியிலும் ஒரு பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் வைக்க வேண்டும். அக்காவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே தங்கைதான். அக்கா விடாமல் செய்தாள். மாமா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "உங்கக்கா கட்டைக்கெல்லாம் வேளாவேளைக்குத் தண்ணி வைப்பா. கட்டினவன் கேட்டா, கை இல்லையான்னு கேப்பா."

அவள் முழங்காலிட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் கிண்ணங்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். எல்லாம் வற்றிப்போயிருந்தன. சுவரோரக் கிண்ணங்களின் உள்ளே வெள்ளை வெள்ளையாக வளையங்கள். தண்ணீர் நாள் கணக்கில் வற்றும்போது உப்பு ஒவ்வொரு மட்டத்திலும் கோடு விட்டுப்போகும். அது சரிதான்.

அலமாரியின் அடியில் இருந்த கிண்ணத்தில் கோடு இல்லை.

அதற்குப் பக்கத்து நாற்காலியின் கிண்ணத்திலும் இல்லை. இழுப்பறைப் பெட்டியின் கிண்ணத்திலும் இல்லை. தேய்த்துக் கழுவியதுபோல் வழவழவென்று இருந்தன.

இவை வற்றவில்லை. யாரோ ஒரே மூச்சில் காலி செய்திருக்கிறார்கள்.

அவள் வெளிச்சத்தை அலமாரியின் கீழ்விளிம்பில் அடித்தாள். அக்கா வாரந்தோறும் துணியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெழுகு. அதில் விரல் தடங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். நின்றவள் விரல்கள் அல்ல. குனிந்தவள் விரல்களும் அல்ல.

தடங்கள் நாற்காலிக் கால்களைப் பற்றி, இழுப்பறைப் பெட்டியைப் பற்றி, கதவுக்குப் போயின. கதவின் அடியில் மெழுகு இல்லை. அங்கே மரத்திலேயே கீறியிருந்தது.

கீழே தொலைக்காட்சியில் யாரோ சிரித்தார்கள்.

எழுந்து போய்க் கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்தாள். எல்லாக் கிண்ணங்களையும் நிரப்பினாள். ஏன் என்று கேட்டால் அவளால் சொல்ல முடிந்திருக்காது. பிறகு கடிகாரத்திடம் போனாள். வேலைதான் பிடிமானம்.

மாடத்தின் அடியில் அக்கா ஏறி நின்று சாவி கொடுக்கும் முக்காலி கிடந்தது. ஒரு கால் ஒடிந்திருந்தது.

அவள் கூண்டைத் தூக்கி வைத்தாள். கடிகாரத்தை நகர்த்துவதற்கு முன் பெண்டுலத்தைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் அது தொங்கும் மெல்லிய தகடு முறிந்துவிடும். அதற்கும் முன்னால் சுருள்வில்லின் முறுக்கைத் தளர்த்த வேண்டும். பெண்டுலம் இல்லாத கடிகாரத்தைக் கட்டிப்போட எதுவும் இல்லை. முறுக்கு மிச்சமிருந்தால் தறிகெட்டு ஓடும். ஒரு மாதமாக யாரும் சாவி கொடுக்காத கடிகாரம் இது. சோதித்துப் பார்த்தாள். வில்லில் உயிர் இல்லை. பெண்டுலத்தைக் கழற்றித் துணியில் சுற்றி, மேலங்கிப் பையில் போட்டாள்.

பின்னால் சத்தம் கேட்டது.

நாய் தண்ணீர் குடிப்பதுபோல் இருந்தது. ஆனால் நாய் அல்ல. நடுவில் மூச்சு வாங்கியது.

அவள் திரும்பவில்லை. அந்த மூச்சு அவளுக்குத் தெரியும். சிறு வயதில் ஒரே பாயில் கேட்ட மூச்சு.

சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தாள். அலமாரியின் கிண்ணம் காலி. நாற்காலியின் கிண்ணம் காலி. இழுப்பறைப் பெட்டியின் கிண்ணம் காலி.

மீண்டும் நிரப்பினாள். தண்ணீர் விளிம்பில் தளும்பியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மட்டம் இறங்கியது.

"இன்னும்."

காதில் கேட்கவில்லை. பிடரியில் குளிராகப் பட்டது.

"அக்கா" என்றாள் தங்கை. "எத்தனை நாள்க்கா?"

டப் என்று ஒரு மரம் வெடித்தது.

அவள் கதவருகே போய்க் கீழே பார்த்துக் கத்தினாள். "மாமா! மேல வாங்க!"

அவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார். அறைக்குள் வந்ததும் முதலில் கவனித்தது ஏசியைத்தான்.

"யாரைக் கேட்டு அணைச்ச?"

"எத்தனை நாள் பூட்டி வச்சிருந்தீங்க?"

"என்ன உளறுற?"

"முக்காலியிலிருந்து விழுந்திருக்கா. எழுந்திரிக்க முடியல. தரையில தவழ்ந்து தவழ்ந்து கிண்ணத்துத் தண்ணியைக் குடிச்சிருக்கா. அந்தக் கதவைப் பிராண்டியிருக்கா. நீங்க கீழ என்ன பாத்துட்டிருந்தீங்க? சிரிப்பு நிகழ்ச்சியா?"

மாமாவுக்கும் கோபம் வந்தது. பயந்தவர்களின் கோபம்.

"சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திறந்திருப்பேன். ஒரே வார்த்தை. இந்தக் குப்பையை வித்துடலாம்னு எத்தனை வருஷம் கெஞ்சினேன்? உள்ள போய் உக்காந்துக்கிட்டா. சரி, கட்டைங்களோடயே குடித்தனம் பண்ணுன்னு தாழ்ப்பாளைப் போட்டேன். சத்தம் கேட்டுச்சு. கோபத்துல எதையோ தூக்கி வீசுறான்னு நினைச்சேன்."

"இந்த ரூம்ல அவ ஒரு குண்டூசியைக் கூட வீச மாட்டா. இருபது வருஷம் கூட இருந்தீங்க. இது கூடத் தெரியாதா?"

"நடிக்கிறான்னு நினைச்சேன்!"

"கூப்பிட்டாளா?"

அவர் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார்.

"கூப்பிட்டாளா மாமா?"

"டிவியைச் சத்தமா வச்சேன்" என்றார். பிறகு, "டாக்டர் மாரடைப்புன்னு எழுதியாச்சு. இனிமே நீ என்ன கத்தினாலும் கிழிக்க முடியாது. கடிகாரத்தைக் கட்டு, இல்லைன்னா வெளிய போ."

அவர் ரிமோட்டை நீட்டி ஏசியைப் போட்டார்.

அவள் வெளியே வந்தாள். போலீசைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்தாள்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. மெதுவாக, மரியாதையாக.

அவள் கண் முன்னே புதுப் பித்தளைத் தாழ்ப்பாள் தானாக நகர்ந்து விழுந்தது.

"ஏய், விளையாடாத" என்றது மாமாவின் குரல்.

அப்போது கடிகாரம் ஓடத் தொடங்கியது.

டிக் டிக் என்று இல்லை. மழை தகரத்தில் விழுவதுபோல, பல் கிட்டிப்போனவன் நடுங்குவதுபோல, ஒரே கடகடப்பு. அவள் மேலங்கிப் பையைத் தொட்டுப் பார்த்தாள். பெண்டுலம் அங்கேயேதான் இருந்தது. கட்டிப்போட யாருமில்லாமல் கடிகாரம் உள்ளே ஓடியது.

மணி அடித்தது. அது அடங்கும் முன் அடுத்த மணி அடித்தது.

"கதவைத் திற" என்றார் மாமா. பிறகு கத்தினார். பிறகு காலால் உதைத்தார். பிறகு கெஞ்சினார். எல்லாம் நூலறுந்த பாசிமணிபோல ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு வந்தன. குரல் கரகரத்தது. கம்மியது. கிண்ணம் ஒன்று தரையில் உரசும் சத்தம். யாரோ குடிக்கும் சத்தம். மாமா அழும் சத்தம்.

தங்கை தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

பனிக்கட்டிபோல் இருந்தது. ஆனால் அசைந்தது. இழுத்தால் வந்துவிடும். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அதுதான் கொடுமை. முடிவை அவளிடமே விட்டிருந்தாள் அக்கா.

மாமா தட்டினார். கதவின் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு அடித்தது. மீண்டும் பன்னிரண்டு அடித்தது. தட்டல் பிராண்டலாயிற்று. பிராண்டல் நகம் உரசுவதாயிற்று. அதுவும் விட்டு விட்டுக் கேட்டது.

படியடியில் சமையல்கார அம்மா நின்றிருந்தாள். "என்னங்க சத்தம்? இப்பத்தானே மேல வந்தார்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. டிவி" என்றாள் தங்கை.

சொன்ன பிறகு அந்த வார்த்தை அவள் வாயிலேயே கசந்தது.

அவள் தாழ்ப்பாளை இழுத்தாள்.

கடிகாரம் நின்றது.

மாமா கதவருகே ஒருக்களித்துக் கிடந்தார். காலையில் மழித்த முகத்தில் நாள் கணக்கில் வளர்ந்த தாடி. உதடுகள் கருத்து வெடித்திருந்தன. நாக்கு வெளியே வரப் பார்த்தது. அவரைச் சுற்றி எல்லாக் கிண்ணங்களும் காலியாகக் கிடந்தன. சுவரோரக் கிண்ணங்கள் கூட. பழைய கோடுகளையும் நக்கித் துடைத்ததுபோல் வெண்மையாக இருந்தன.

"நான் குடிக்கல" என்றார் மாமா. குரல் காய்ந்த இலைபோல் இருந்தது. "ஒரு சொட்டு கூட. நான் குனியறதுக்குள்ள... எல்லாத்தையும் அவளே..."

சமையல்கார அம்மா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் அதைப் பார்த்ததும் கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

தங்கை கூப்பிட்ட போலீஸ் வந்தபோது யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார். தாழ்ப்பாள், டிவி, நாட்கள். முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கினார். நிறுத்தினால் ஏதோ நடந்துவிடும் என்பதுபோலச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஏலக்காரரின் வண்டி வெறுமையாகத் திரும்பியது. சாமான்கள் தங்கையின் பட்டறைக்கு வந்தன. தூக்கிய இதழை மீன்பசை வைத்து ஒட்டி, மணல்மூட்டையால் அழுத்தினாள். அலமாரியின் கீழ்விளிம்பில் இருந்த விரல் தடங்களை மட்டும் மெழுகு போட்டு மறைக்கவில்லை. கடிகாரத்துக்குப் பெண்டுலத்தை மாட்டிச் சாவி கொடுத்தாள். நிதானமாக ஓடியது.

வேலை முடித்துப் பட்டறையைப் பூட்டும்போது அலமாரியின் அடியில் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தாள். அங்கே ஏசி கிடையாது. ஜன்னலுக்கு வெளியே மழைக்காலம். சுவரெல்லாம் ஈரம் கோத்திருந்தது.

"அவர் சொல்லிட்டார்க்கா" என்றாள். "எல்லாரும் கேட்டாச்சு. போதுமா?"

காலையில் வந்து விளக்கைப் போட்டாள்.

கிண்ணம் அலமாரியின் அடியில் இல்லை. கதவருகே காலியாக இருந்தது.

குனிந்து எடுத்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

உள்ளே ஒரு கோடு கூட இல்லை.