பெட்டி சொன்ன தொகை

2025 அக்டோபர் 18, சனிக்கிழமை. புதுச்சேரியில் விடியற்காலை முதல் தூறல். கடற்காற்றில் ஈரம் மிகுந்திருந்தது.

முற்பகல் 10.40. முத்தியால்பேட்டையில் பழம்பொருள் கடை நடத்தும் ஷஹாபுதீன், உதவி ஆய்வாளர் அமிர்தவல்லியிடம் வெற்றுச் சுவரைக் காட்டினார். அங்கே தொங்கிய நாற்பதாயிரம் ரூபாய்க் கடிகாரம் முந்தைய நாள் விற்றுப்போனதாகக் கணக்கு. பணம் மட்டும் வங்கிக்கு வந்து சேரவில்லை.

"இந்தப் பொண்ணு வேலதான் மேடம்!" என்று அருகில் நின்ற கமலவேணியைச் சுட்டினார்.

வெளிநாட்டவர் செலுத்தும் கிரிப்டோ நாணயத்தைத் தானாகவே ரூபாயாக மாற்றி, வணிகரின் கணக்கில் சேர்க்கும் பெட்டியை அவள்தான் அங்குப் பொருத்தியிருந்தாள்.

"நூத்துக்கு ஒரு ரூபா கழிச்சிக்கிட்டுதான் குடுக்குது. அது பத்தலன்னு மொத்தத்தையும் முழுங்கிட்டா!"

"பாய், அந்தப் பணம் பெட்டிக்கே வரல. பதிவப் பாருங்க."

"பெட்டியும் உன்னுது, பதிவும் உன்னுது!"

கமலவேணியின் முகம் வெளிறியது. இச்செய்தி பரவினால், அவளை நம்பிய மற்றப் பன்னிரண்டு கடைகளும் பெட்டியைக் கழற்றி வீசிவிடும்.

"வித்தது யாரு?" என்றார் அமிர்தவல்லி.

கிடங்கைக் கவனிக்கும் எழிலரசன் முன்வந்தான். "நான்தான் மேடம். பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தாரு. கல்லாவுல நான் மட்டும். ஒரு வெள்ளைக்காரர் வந்தாரு."

"மணி?"

"ஒண்ணு இருபது."

"பணம் வந்துச்சுன்னு எப்பிடித் தெரியும்?"

"பெட்டி சத்தமா சொல்லுச்சு."

"முன்னாடி அது பேசிக் கேட்டிருக்கியா?"

"கிடங்குல கெடக்கறவனுக்கு எங்க மேடம்? நேத்துதான் மொதல் தடவ. நாப்பதாயிரம்னு பைசா குறையாம சொல்லுச்சு."

அமிர்தவல்லி ஆயிரம் ரூபாய் விலையுள்ள பித்தளை விளக்கொன்றை மேசைமீது வைத்தார். அவர் கேட்டுக்கொண்டபடி, கமலவேணி தன் கைப்பேசியிலிருந்து அதன் விலையைக் கிரிப்டோவில் செலுத்தினாள். பெட்டி பேசியது:

"தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ரூபாய் பெறப்பட்டது."

எழிலரசன் வாசல் பக்கம் ஓரடி நகர்ந்தான்.

"மாத்தி, கழிச்சதுக்கு அப்புறம்தான் இது வாயத் தெறக்கும்," என்றார் அமிர்தவல்லி. "நேத்து பேசியிருந்தா முப்பத்தொம்பதாயிரத்து அறுநூறுன்னு சொல்லியிருக்கும். டீக்கடையில ஃபோன்ல ஸ்கேன் பண்ணி காசு போட்டா பேசற பெட்டிதான் முழுசா சொல்லும். அத வச்சு இங்க கத கட்டிட்ட. கடிகாரம் எங்க?"

"வீராம்பட்டினத்துல... மச்சான் வூட்டுல."

கமலவேணி பெட்டியின் ஒயரைப் பிடுங்கத் தொடங்கினாள். ஷஹாபுதீன் பதறி அதைப் பற்றிக்கொண்டார்.

"வேணாம்மா. அவசரப்பட்டு வாய் விட்டுட்டேன்."

"சரி பாய், இருக்கட்டும். உங்களுக்கு மட்டும் இனிமே நூத்துக்கு ரெண்டு ரூபா."

வாழ்நாளில் முதன்முறையாக அவர் பேரம் பேசவில்லை. எழிலரசனை ஏற்றிக்கொண்டு ஜீப் புறப்பட்டபோது மணி சரியாக முற்பகல் 11.27.