சிஹோவின் கொக்கிக் கரண்டி

ஜப்பானின் சுபாமே ஊரில் பொழுது விடிந்தாலே உலோகம் தட்டும் சத்தம்தான். கரண்டி, கெண்டி, சட்டி என்று தெருவுக்குத் தெரு ஏதாவது செய்துகொண்டே இருப்பார்கள். ஐந்தாம் வகுப்பு படிக்கும் சிஹோவின் வீட்டிலும் கீழே பட்டறை, மேலே குடித்தனம். பட்டறையை நடத்துவது அவள் அம்மா.

பள்ளியில் மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகளே பரிமாற வேண்டும். சிஹோ சோறு வைப்பாள். அவள் நண்பன் நவோகி சூப் ஊற்றுவான். அவன் கையை எடுத்தால் போதும், கரண்டி சறுக்கிக்கொண்டு பானைக்குள் போய்விடும்.

"டேய், மறுபடியும் முக்கிட்டியா?" என்று வகுப்பே சிரிக்கும்.

"நான் எங்கடா முக்கினேன்? அதுக்குத்தான் சூப்புல குளிக்க ஆசை!" என்பான் நவோகி.

ஒருநாள் கரண்டியை மீட்கப் போய் அவன் விரலைச் சுட்டுக்கொண்டான். அன்று சாயங்காலமே சிஹோ பட்டறையில் உட்கார்ந்து, ஒரு குழிக்கரண்டியின் காம்பில் இரண்டு பக்கமும் சின்னக் கொக்கிகள் வைத்தாள். பானை விளிம்பில் மாட்டினால் கரண்டி அசையாமல் நின்றது. நவோகி இடது கைக்காரன். அவனுக்கு ஒரு கொக்கி, மற்றவர்களுக்கு ஒரு கொக்கி.

வகுப்பு ஆசிரியர் அதைப் பார்த்து, காப்புரிமைக்கு எழுதிப் போடச் சொன்னார். அம்மா உதவினாள். நெடுநாள் காத்திருந்த பிறகு அது கிடைத்தது. இனி சிஹோவைக் கேட்காமல் யாரும் அப்படிக் கரண்டி செய்து விற்க முடியாது.

அதன் பிறகுதான் டோக்கியோவிலிருந்து ஹிராயாமா வந்தார். நாடு முழுக்கக் கடைகள் வைத்திருக்கும் ஒரு வீட்டுச் சாமான் நிறுவனத்தின் அதிகாரி.

"காப்புரிமையை எங்களுக்கு வித்துடுங்க. கரண்டியை உங்க பட்டறையிலயே செஞ்சு குடுங்க" என்றார்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. வசந்த காலத்திலிருந்தே பட்டறையில் வேலை குறைவு. பாதி நாள் இயந்திரம் சும்மாதான் கிடந்தது.

ஹிராயாமா ஒரு மாதிரிக் கரண்டியை மேசைமேல் வைத்தார். அதில் ஒரு கொக்கிதான் இருந்தது.

"இன்னொண்ணு எங்கே?" என்றாள் சிஹோ.

"ரெண்டு கொக்கி இருந்தா பெட்டியில அடுக்க வரலைம்மா. செலவும் கூடுது. முக்கால்வாசிப் பேர் வலது கைக்காரங்கதானே?"

சிஹோ அம்மாவைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்குற? உன் பேர்லதான் இருக்கு. நீ சரின்னாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்" என்றாள் அம்மா.

"யோசிச்சுச் சொல்றேன்."

"நல்லா யோசிம்மா. அடுத்த வாரம் வர்றேன்" என்று ஹிராயாமா கிளம்பினார்.

மறுநாள் நவோகி பட்டறைக்கு வந்தான். ஹிராயாமா விட்டுப்போன மாதிரிக் கரண்டியை இடது கையில் பிடித்து, ஒரு பானையில் தண்ணீர் மொண்டான். கொக்கி வெளிப்பக்கம் பார்த்தது. மாட்டுவதற்காக மணிக்கட்டைத் திருகினான். மொண்ட தண்ணீர் அவன் சட்டைக் கையில் கொட்டியது.

"பரவாயில்ல, பழகிக்கிறேன். எனக்காக விட்டுடாதே. உங்கம்மா பாவம்" என்றான்.

"நீ என்னத்துக்குப் பழகணும்? பழகவேண்டியது கரண்டிதான்!"

மறுபடி முயன்றான். மறுபடி கொட்டியது. "போ, இதுக்கும் எனக்கும் ஆகாது" என்று அலுத்துப்போய்க் கரண்டியை அப்படியே விளிம்பில் சாய்த்து வைத்தான்.

சிஹோ சட்டென்று குனிந்து பார்த்தாள். காம்பின் முதுகுதான் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வலது கையால் சாய்த்துப் பார்த்தாள். அப்போதும் முதுகுதான்.

"நவோகி! கொக்கியை ஏன் பக்கத்துல வெக்கணும்? முதுகுல வெச்சா?"

கம்பியை வளைத்துக் கட்டிப் பார்த்தார்கள். முதல் கொக்கி பெரிதாகிவிட்டது. அடுத்தது நழுவியது. அம்மாவும் வந்து குந்தினாள். "இன்னும் கொஞ்சம் மேலே தள்ளி வெச்சுப் பாரு" என்றாள். தள்ளி வைத்ததும் கரண்டி விளிம்பில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. வலது கை, இடது கை, இரண்டுக்கும்.

ஹிராயாமா வந்தபோது அடுப்பில் சோயா விழுது கரைத்த மிசோ சூப் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஹிராயாமா சார், முதல்ல உங்க கரண்டியால ஊத்துங்க. ஆனா இடது கையால" என்றாள் சிஹோ.

அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். கொஞ்ச நேரத்தில் அவருடைய கழுத்துப் பட்டையில் சூப்பில் மிதந்த சோயா பன்னீர்த் துண்டு ஒன்று தொங்கியது.

"ஐயையோ!"

"இப்ப இதால ஊத்துங்க" என்று புதுக் கரண்டியை நீட்டினாள்.

அவர் ஊற்றினார், மாட்டினார், கைமாற்றிப் பார்த்தார். பிறகு கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரே கொக்கி. அடுக்கவும் வரும். எப்படிம்மா தோணுச்சு?"

"நவோகிக்கு அலுப்பு வந்துச்சு. அதான்" என்றாள் சிஹோ.

நவோகி பெருமையாக நிமிர்ந்து நின்றான்.

ஹிராயாமா வெளியே போய் அவருடைய வக்கீலிடம் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். "ஒப்பந்தத்துல இதையும் சேர்த்தே எழுதிக்கலாம்னு சொல்லிட்டார். இப்ப சம்மதமா?"

"சம்மதம்!"

அம்மா கையெழுத்திட்டு முத்திரை குத்தினாள். பிறகு எல்லோரும் அந்தச் சூப்பையே குடித்தார்கள்.

குளிர்காலம் முழுக்கப் பட்டறையில் இயந்திரம் ஓயவில்லை. பனி உருகும் நேரத்தில் அந்த நிறுவனத்தின் நீகாத்தா நகரக் கடையில் கரண்டிகள் வந்து இறங்கின. சிஹோ, நவோகி, அம்மா மூவரும் ரயிலேறிப் பார்க்கப் போனார்கள்.

நவோகி சும்மா நிற்கவில்லை. ஒரு கரண்டியை எடுத்துப் போவோர் வருவோரிடமெல்லாம், "பாருங்க, எந்தக் கையிலயும் பிடிக்கலாம்!" என்று மாட்டிக் காட்டினான்.

கடைப் பெண் ஓடி வந்தாள். "தம்பி, நீ எப்போ இங்க வேலைக்குச் சேர்ந்தே?"

கிளம்பும்போது அலமாரியில் ஒரே ஒரு கரண்டிதான் மிச்சம் இருந்தது. அம்மா அதை எடுத்துக்கொண்டு பணம் கட்டப் போனாள்.

"அம்மா! நம்ம பட்டறையில அதுதானே மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு?" என்றாள் சிஹோ.

"கிடக்கட்டும். என் பொண்ணோட கரண்டியைக் கடையில காசு குடுத்து வாங்கணும்னு எனக்கு ஆசை" என்று சொல்லி, அம்மா வரிசையில் போய் நின்றுகொண்டாள்.