பின் சீற்றின் இடப்பக்கம்

பின் சீற்றின் இடப்பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பெல்ட் போடாமல் யாராவது உட்கார்ந்திருந்தால் அடிக்கிற மணி அது. டிங், டிங் என்று, கோபமே இல்லாமல், கேட்கிறவர் எழுந்து ஏதாவது செய்யும்வரை விடாத சத்தம். ஸாஜிதா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். அவளுடைய முதுகுக்கு நேர் பின்னால் மகள் அக்கீலா ஒழுங்காகப் பெல்ட் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடச் சப்பாத்தால் முன் சீற்றை உதைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் பழுப்பு நிறத் தோல் சீற் வெறுமனே கிடந்தது.

"ஜப்பான் வாகனத்துக்கெல்லாம் உள்ள வருத்தந்தான் மிஸ்," என்றார் கில்பட் பாஸ். பாஸ் என்பது இந்தப் பக்கத்தில் மெக்கானிக்குகளுக்குக் கொடுக்கிற மரியாதை. முந்தல் ஊரில், பெரிய ரோட்டோரத்தில் அவருடைய கடை. ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்திறங்கும் கார்களுக்குக் கமரா பூட்டுவதும், சீற் உறை போடுவதும், ஜப்பான் மொழி பேசும் திரையில் இலங்கை வரைபடத்தை ஏற்றுவதும் அவருடைய தொழில். "சீற்றுக்குக் கீழ சென்சர் ஒண்டு இருக்குது. ஈரம் பட்டா ஆள் இருக்கிறதா நினைச்சிரும். அதக் கழட்டிப் பாக்கிறதெண்டா இண்டைக்கு முடியாது."

"அப்ப என்ன செய்யிற அண்ணன்?"

அவர் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். பின் கதவைத் திறந்து, ஆளில்லாத சீற்றின் பெல்ட்டை இழுத்துப் பூட்டில் செருகினார். டக். மணி நின்றது.

"பாத்தீங்களா? இனிச் சத்தம் போடாது."

போடவில்லைதான். ஆனால் வெறும் சீற்றில் பூட்டிய பெல்ட் சீற்றோடு ஒட்டிக் கிடக்கவேண்டும். இது ஒட்டவில்லை. சின்னதாக எதையோ சுற்றிக்கொண்டு போவதுபோல் கொஞ்சம் முன்தள்ளி நின்றது. விலைகூடிய காரின் பெல்ட் இப்படித்தான் விறைப்பாக இருக்கும்போல என்று ஸாஜிதா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

உண்மையைச் சொன்னால், இந்தக் காரை வாங்கியதே பெல்ட்டுக்காகத்தான். போன வருடம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஓட்டோ திரும்பிய வேகத்தில் அக்கீலா வெளியே விழுந்து, நாடியில் தையல் போட்டிருந்தது. கல்யாணமாகிப் பல வருடம் மருந்தும் நேர்ச்சையுமாக அலைந்து கிடைத்த ஒரே பிள்ளை. கட்டாரில் வேலை பார்க்கும் கணவன் ஜவ்பர் தொலைபேசியில் விக்கி விக்கி அழுதான். இனிமேல் அவள் கதவில்லாத வாகனத்தில் ஏறவே கூடாது என்று சொல்லி, கொழும்பில் ஆளைப் பிடித்து, இந்த ஹைபிரிட்டை எடுத்து அனுப்பினான். புத்தளம் தில்லையடியில் அவர்களுடைய சின்ன ஒழுங்கைக்குள் அந்தப் பெரிய கார் சத்தமே இல்லாமல் நுழைந்தபோது வேலிக்கு வேலி தலைகள் முளைத்தன. ஸாஜிதாவுக்கும் பெருமைதான், இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் பிள்ளையைக் கதவுக்குள் வைத்துப் பூட்டியதும் வந்த நிம்மதிதான் பெரிது.

பின் கமராவின் வயரை முன்னால் கொண்டுவருவதற்காகக் கில்பட் பாஸ் கம்பளத்தைக் கிளப்பினார். கீழே சேறு. காய்ந்து, வெடித்து, சாம்பல் நிறத்தில். புத்தளத்துக் கார்களுக்குள் மணல் கிடப்பது புதினமில்லை. ஆனால் இது மணல் அல்ல, மாவாய் அரைத்த மண். கடல்தண்ணீர் தேங்குகிற களப்பு வற்றிய நேரத்தில் வருகிற மணம் அதில் வந்தது. அதற்குள்ளிருந்து அவர் ஒரு பிள்ளையின் ஒற்றைக் காலுறையை விரலால் தூக்கினார். உப்பு ஏறி விறைத்த, உள்ளங்கையளவு மேசு.

"ஆரோ ஒரு பிள்ளைட மேசு. அங்க வெள்ளம் கிள்ளம் ஏறின வாகனமோ தெரியா," என்று குப்பை வாளிக்குள் போட்டார்.

அக்கீலா எட்டிப் பார்த்தாள். "மத்தக் கால் மேசு எங்க?"

கில்பட் பாஸ் வயரோடு முன் சீற்றுக்குப் போய்விட்டார்.

வேலை முடிகிறபோது அஸர் தொழுகைக்குப் பிந்திவிட்டது. கில்பட் பாஸ் திரையின் மூலையிலிருந்த சின்ன வீட்டுப் படத்தைக் காட்டினார். "மேப் ஏத்தியாச்சு மிஸ். இதுக்குள்ள பழைய ஆக்கள்ட வீடு கிடக்குது. இந்தப் படத்த அமத்தினா நேரா வீட்டுக்கு வழி காட்டும். அத அழிச்சுப்போட்டு உங்கட வீட்டப் போடவா?"

தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரை விட்டு வந்த குடும்பத்தில் கேட்கக்கூடாத கேள்வி அது. தில்லையடியில் வீடு இருந்தது. மன்னார் எருக்கலம்பிட்டியில் வாப்பாமாரின் காணி இருந்தது; அதில் ஜவ்பர் அரைவாசி எழுப்பிய சுவர் இருந்தது. காரின் விசயம் என்றால் தன்னைக் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாதென்று அவன் சொல்லியிருந்தபடியால் ஸாஜிதா அழைப்பெடுத்தாள்.

"மன்னார் வீட்டப் போடச் செல்லு," என்றான் ஜவ்பர்.

"கூரையில்லாத வீட்டுக்கா நான் பிள்ளையக் கூட்டிட்டுப் போற?"

"அதுதான் ஸாஜி எங்கட வீடு."

"நான் பொறந்தது, இவ பொறந்தது எல்லாம் இஞ்ச. அப்ப இது என்ன, பஸ் ஸ்டாண்டா?"

வழக்கமான சண்டை. வழக்கம்போல ஒரு முடிவும் இல்லாமல் முடிந்தது. தொலைபேசியைக் கைப்பைக்குள் போட்டு, பையைப் பின்னால் இடப்பக்கக் காலடியில் வைத்துவிட்டு அவள் வெடுக்கென்று சொன்னாள்: "அத அப்படியே வுடுங்க அண்ணன். இருக்கிற வீடு இருக்கட்டும்."

கில்பட் பாஸ் சிரித்தார். "இந்த மேப்ல ஜப்பானே இல்ல. அது சும்மா கிடக்கும்."

மஃரிபுக்கு முன்னால், இருட்டுவதற்குள் வீட்டில் இருந்துவிடலாம் என்றுதான் புறப்பட்டாள். மதுரங்குளிக்கு இந்தப் பக்கமே தேங்காய் லொறி ஒன்று குடைசாய்ந்து, ரோடு முழுவதும் தேங்காய் உருண்டு கிடந்தது. முன்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். கார் ஓட்டத் தெரியும் என்பதற்கு மேல் ஸாஜிதாவுக்கு ரோடுகள் தெரியாது. வேறு வழி இருக்கிறதா என்று பார்க்க, திரையில் அவளுக்குத் தெரிந்த ஒரே படமான வீட்டுப் படத்தை அழுத்தினாள்.

திரை கொஞ்சம் யோசித்தது. பிறகு நீலக்கோடு ஒன்று இழுபட்டது. அடுத்த இடப்பக்கத் திருப்பம், களப்போரமாக. கிட்டத்தான்.

மேப்பில் இல்லாத நாட்டுக்கு வழி காட்டாது என்று கில்பட் பாஸ்தான் சொன்னார். அப்படியென்றால் பாஸ் சொல்லாமலே தில்லையடியைப் போட்டுவிட்டார். நல்ல மனுசன். அவள் திருப்பினாள்.

தென்னந்தோட்டம் முடிந்ததும் வெளிச்சம் ஒருபடி குறைந்தது. பிறகு இறால் பண்ணைகள், நோய் வந்து கைவிட்ட தொட்டிகள், தண்ணீருக்குக் காற்றேற்றிய, இப்போது அசையாமல் துருவேறி நிற்கிற சக்கரங்கள், கிழிந்த கறுப்புப் பொலித்தீன் காற்றில் படபடக்கிற சத்தம். கார் மின்சாரத்தில் ஓடியதால் இயந்திரச் சத்தம் என்று ஒன்றில்லை, சிப்பி ஓடுகள் கார்ச் சில்லுக்குக் கீழே நொறுங்குவது மட்டும் பல்லால் கடிப்பதுபோல் காதுக்குள் கேட்டுக்கொண்டே வந்தது. ஏசியை மீறி அந்தச் சேற்று மணம் ஏறியது. களப்போரம், மணக்கத்தான் செய்யும் என்று நினைத்தாள். கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன என்பது பிறகுதான் உறைத்தது.

"உம்மா, இந்தப் பக்கம் ஈரமா இரிக்கி."

"தண்ணிப் போத்தலக் கொட்டிட்டியா?"

"நானில்ல."

பின்னால் பார்க்கும் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். அக்கீலா தன் கதவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துச் சீற்றில் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பக்கத்து ஜன்னலின் உட்புறத்தில், ஒரு பிள்ளையின் முகம் வருகிற உயரத்தில், மூச்சு பட்டதுபோல் வட்டமாகப் பனி படிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கையில் வட்டம் சுருங்கியது. மறுபடி விரிந்தது. சுருங்கியது.

ஸாஜிதா கண்ணாடியை மேலே தள்ளி, காரின் கூரையைப் பார்க்கிறமாதிரி வைத்தாள். வாய் தானாக, பாதுகாப்புக்கு ஓதுகிற ஆயத்துல் குர்ஸியைத் தொடங்கியது. எத்தனையோ வருடப் பாடம், இப்போது பாதியில் வழுக்கியது.

திருப்பவேண்டும். திருப்ப இடமில்லை. இரண்டு பக்கமும் தொட்டித் தண்ணீர், நடுவில் கார் அகலத்துக்கு ஒரு மண்கட்டு. ரிவேர்ஸில் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போகிற அளவுக்கு அவளுக்கு ஓட்டம் பழகவில்லை. முன்னால் எங்காவது அகலம் வரும். வரத்தான் வேண்டும்.

முன்னால், ஸாஜிதாவுக்குப் பக்கத்திலிருந்த வெறும் சீற்றின் முதுகு மெல்ல அசைந்தது. பின்னாலிருந்து யாரோ உதைப்பதுபோல். சப்பாத்துச் சத்தம் இல்லை. மெத்தென்ற உதை.

"அக்கீலா. அங்கால கால் போடாத."

"நான் போடல்ல உம்மா."

குரலில் அழுகை இருந்தது. அவளுக்கு அங்கே கால் எட்டாது என்று ஸாஜிதாவுக்கும் தெரியும். உதை நிற்கவில்லை. அவசரப்படுகிற உதை. வீடு கிட்டியதும் பிள்ளைகள் உதைப்பார்களே, அந்த உதை. தொலைபேசி வேண்டும். தொலைபேசி பைக்குள். பை பின்னால். இடப்பக்கக் காலடியில். அவள் கையை நீட்டவில்லை.

மண்கட்டு முடிந்தது.

முன்னால் களப்பு. சாம்பல் நிறத் தண்ணீர், அதற்கு மேல் கடைசிச் சிவப்பு. வீடில்லை. விளக்கில்லை. திரையில் நீலக்கோடு தண்ணீர் விளிம்பில் முடிந்திருந்தது. அதன் நுனியில் சின்ன வீட்டுப் படம். இடத்தை அடைந்துவிட்டீர்கள் என்று திரைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் அன்பாகச் சொன்னது.

டக்.

பெல்ட் கழன்ற சத்தம்.

காருக்குள் விளக்கு எரிந்தது. கதவு திறந்த காற்று கழுத்தில் பட்டது. ஈரக் காற்று. ஸாஜிதா திரும்பவில்லை. ஸ்டியரிங்கின் நடுவில் இருந்த வெள்ளி அடையாளத்தையே பார்த்தாள். பார்க்கக்கூடாது. இறங்கட்டும். அதன் வீடு வந்துவிட்டது. இறங்கிப் போகட்டும். யா அல்லாஹ், இறங்கிப் போகட்டும்.

கதவு மெதுவாக மூடியது. விளக்கு அணைந்தது. நான்கு கதவுகளும் ஒருசேரப் பூட்டிக்கொண்டன.

பெல்ட் கழன்றும் மணி அடிக்கவில்லை. முன்னாலிருந்த, பெல்ட்டுக்கான சின்னச் சிவப்பு விளக்கும் எரியவில்லை. சீற்றில் ஆளில்லை. போய்விட்டது.

அவளுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது.

"அக்கீலா."

"ஓம் உம்மா."

"பெல்ட் போட்டிரிக்கியா?"

"ஓம் உம்மா."

முதுகில் உதை விழுந்தது. ஒன்று, பிறகு இன்னொன்று. எத்தனை முறை ஏசியிருப்பாள் இந்த உதைக்கு. இப்போது அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னாள். உதை மகளே, எவ்வளவு வேண்டுமானாலும் உதை. எவ்வளவு நேரமானாலும் சரி, பின்னாலேயே போய்விடலாம். பிரேக்கை மிதித்தபடி ரிவேர்ஸில் போட்டாள்.

புதுக் கமரா விழித்தது. திரையில் மண்கட்டு. பச்சைக் கோடு, மஞ்சள் கோடு, சிவப்புக் கோடு.

சிவப்புக் கோட்டுக்குள் ஒரு பிள்ளை நின்றது.

வெள்ளைப் பள்ளிக்கூட உடுப்பு. வெள்ளை முக்காடு. இரண்டு காலிலும் கறுப்புச் சப்பாத்து. நாடியில் தையல் தழும்பு. வாயைத் திறந்து கத்திக்கொண்டு, இரண்டு கையாலும் காரின் பின்புறத்தில் அடித்துக்கொண்டிருந்தது. விலைகூடிய கார். கதவு மூடினால் வெளிச்சத்தம் உள்ளே வராது. எங்கேயோ தூரத்தில் தட்டுவதுபோல் மட்டும் கேட்டது.

உம்மா என்று வாய் அசைவது தெரிந்தது.

முதுகில் உதை விழுந்தது.

சப்பாத்து இல்லை.

விரல்கள். தோல் சீற்றை ஊடுருவி ஒவ்வொரு விரலாகத் தெரிந்தது. சின்ன விரல்கள். குளிர் சட்டைவரை ஏறியது.

"உம்மா," என்றது அக்கீலாவின் குரல், காதுக்குக் கிட்ட. "வீட்டுக்குப் போவோம்."

பிரேக்கை இன்னும் இறுக்கி மிதித்தாள். திரையில் அக்கீலா கமராவில் உள்ளங்கையை விரித்து வைத்தாள். திரை முழுவதும் கை.

ஸாஜிதா தன் பெல்ட்டைக் கழற்றக் கையைக் கொண்டுபோனாள்.

பொத்தானுக்கு மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. சின்னது. நனைந்தது. அது பொத்தானை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது.