தட்டாமல் திறந்த கதவு

கறம்பக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து தேவிப்ரியா வீட்டுக்கு வந்தபோது, வாசல்வரை கோழிக் குழம்பின் வாசம் வந்தது. இறந்துபோன தம்பி சேரனுக்கு அன்றுதான் முதல் படையல்.

கல்யாண வீடியோ எடுப்பது சேரனின் தொழில். ஊரார் முகமெல்லாம் அவன் கம்ப்யூட்டரில் இருந்தது. அவன் முகமும் குரலும் இருந்தது ஒரே ஒரு வீடியோவில்தான். தேவிப்ரியாவின் வளைகாப்பில் கேமராவைத் தன் பக்கம் திருப்பி, "ஆத்தா, இங்கிட்டுப் பாருங்க" என்று சிரிப்பான்.

லாரி மோதி அவன் போனதிலிருந்து அம்மா அழகி சோற்றைத் தொடவில்லை. கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

"அவன் சத்தத்த ஒரு தடவ கேட்டுட்டாத் திங்கிறேன்டி."

சேரனின் அறையில் இருந்த அந்தக் கம்ப்யூட்டரின் திரை செத்துவிட்டது. பென்டிரைவ் செருகும் இடமும் பழுது. ஹார்டு டிஸ்க் உள்ளே பல்லி மாதிரி டிக், டிக் என்றது. ஒருமுறை நின்றால் இனி எழாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வைஃபை வழியாக அந்த வீடியோவை லேப்டாப்புக்கு இழுப்பது ஒன்றுதான் வழி. தேவிப்ரியா கூடத்தில் உட்கார்ந்து இழுக்கத் தொடங்கினாள். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது.

அதற்குள் சித்தப்பா ரத்தினவேல் சேரனின் அறையில் இலை போட்டுவிட்டார். சோறு, குழம்பு, பன்னீர் சோடா. அம்மா இலையோரத்தில் அவனுடைய நசுங்கிய போனையும் வைத்தாள். சூடம் காட்டி எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார் சித்தப்பா.

"யாரும் எட்டிப் பாக்கக் கூடாது. தொறக்குறப்ப தட்டிட்டுத்தான் தொறக்கணும். தட்டுற சத்தம் கேட்டாத்தான் வந்தவன் எந்திரிச்சுப் போவான்."

"வைஃபை பெட்டி உள்ள இருக்கு சித்தப்பா. அத மட்டும் எடுத்துக்கிறேனே."

"எலை போட்டாச்சு, இனி உள்ள இருக்குறது எதையும் எடுக்கக் கூடாது. பேசாம ஒக்காரு."

கதவு சாத்தியதும் வேகம் விழுந்தது. சுவர் மறைக்கிறது என்று நினைத்தாள். பிறகு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் யாராவது வைஃபையைத் திருடுகிறார்களோ என்று தன் போனில் பார்த்தாள். இணைந்திருந்தவை வரிசையாக வந்தன. அவள் லேப்டாப். அவள் போன். கம்ப்யூட்டர்.

கடைசியாக, 'சேரன் போன்'.

அந்தப் போனில் பேட்டரியே இல்லை. உப்பிப் பிதுங்கியதைச் சித்தப்பாதான் பிடுங்கி எறிந்தார்.

அது எதையோ இழுத்துக்கொண்டிருந்தது. அது இழுக்க இழுக்க இவள் பக்கம் கோடு நின்று நின்று நகர்ந்தது.

கதவிடுக்கில் சாம்பிராணி வாசம் அடங்கி, டீசலும் சூடான தாரும் கலந்த நாற்றம் வந்தது. உள்ளே டிக், டிக் வேகமானது.

கோடு முடிய ஒரு நகக்கண் அளவுதான் மிச்சம்.

நின்றுவிட்டது.

டிக் சத்தமும் தடுமாறியது. டிஸ்க் போனால் குரல் போச்சு. குரல் போனால் அம்மாவும் போய்விடுவாள். அந்தப் போனைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டால் போதும் என்று மட்டுமே அவளுக்குத் தோன்றியது. ஓடிப்போய்க் கதவைத் தள்ளித் திறந்தாள்.

விளக்குச் சுடர் ஆடாமல் நின்றது. இலையில் சோறு பிசைந்து கிடந்தது. ஒரு பக்கம் வழித்துத் தின்ற விரல் தடம். போன் கறுப்பாகக் கிடந்தது.

டிக் சத்தம் அடங்கியது.

"தட்டுனியா?" என்றார் சித்தப்பா, பின்னாலிருந்து, மிக மெல்ல.



கூடத்தில் லேப்டாப் மணியடித்தது. வீடியோ முழுதாக வந்துவிட்டிருந்தது. அவள் போய்ச் சேருவதற்குள் அம்மா அதைத் தட்டி ஓடவிட்டாள்.

அதில் வளைகாப்பு இல்லை. இருட்டறை. ஒரு விளக்கு. ஒரு இலை. அதற்கப்பால் மூடிய கதவு. கதவு சட்டென்று திறக்க, வெளிச்சத்தில் தேவிப்ரியா நிற்கிறாள். கேமரா துளியும் ஆடவில்லை. சேரனின் கை எப்போதுமே ஆடாது.

கேமராவுக்குப் பின்னாலிருந்து, காதோரம் சொல்வதுபோலக் குரல் வந்தது.

"என்னக்கா, தட்டிட்டு வந்திருக்கலாம்ல. பாதிச் சோத்துல இருக்கேன்."

சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். அம்மா மட்டும் சிரித்தாள்.

"எம்புள்ளதான். சோறு போடுடி."

தேவிப்ரியா பரிமாறினாள். சித்தப்பா அந்த அறைக் கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டார். பிறகு வீட்டுக்கே மெயின் சுவிட்சை இறக்கினார். மின்விசிறி நின்றது. அம்மா எதையும் கவனிக்கவில்லை. வீடியோவை மறுபடி மறுபடி ஓடவிட்டு, உருட்டி உருட்டித் தின்றாள்.

அப்போது அறைக்கு உள்ளிருந்து கதவு தட்டப்பட்டது.

பலமாக இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் திடுக்கிடாதபடி, மெல்ல.

அம்மா எச்சில் கையோடு எழுந்தாள்.

"இந்தா வாரேன்யா."