ஆகஸ்ட் தாளில் பன்னிரண்டு கைநாட்டு

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, பாளையங்கோட்டை மார்க்கெட்டை ஒட்டிய மாடியறையில் எலிசபெத்தின் நான்கு தட்டச்சு இயந்திரங்களும் சும்மா கிடந்தன. ஐப்பசி மழை பிடித்தால் மாணவிகள் வருவதில்லை. அறையின் மறுபாதியை வாடகைக்கு எடுத்திருந்த குமரகுருபரன் கன்னத்தைக் கையில் ஊன்றி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதினெட்டு வருடம் எழுத்தராக இருந்துவிட்டு, மேலதிகாரியோடு ஒத்துவராமல் வேலையை உதறியவர். இப்போது பிறருக்காக மனு எழுதுகிறார். எதிராளியின் புளுகு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தும் தருகிறார். இரண்டுக்கும் ஒரே கூலிதான். மனுக்களைத் தட்டச்சு செய்வது எலிசபெத்தின் வேலை. துப்புத் துலக்குவது அவளுடைய ஆசை. அவரைவிட ஆறு வயது மூத்தவள் என்பதால் தம்பி என்றுதான் கூப்பிடுவாள்.

படியேறி வந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். முக்காட்டில் மழைநீர் சொட்டியது.

"மேலப்பாளையத்துலருந்து வாரேன். ஆபிதா பீவி. பீடி சுத்துதேன். வாங்காத ரூவாய வாங்கிட்டேன்னு சொல்லுதாவ."

"உக்காருங்க. மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் குமரகுருபரன்.

"மே மாசம் பஞ்சப்படி பாக்கின்னு கடையில முந்நூத்தி எம்பது ரூவா தந்தாவ. வாங்குனேன், இல்லைங்கல. ஆகஸ்டுல அதே ரூவாய மறுபடியும் தவறுதலாத் தந்துட்டாவளாம். கம்பெனி ஆடிட்டுல தெரிஞ்சுதாம். வாராவாரம் கூலியில முப்பது ரூவா பிடிக்காவ. மூணு வாரம் ஆச்சு."

"தந்தாவளா?"

"தரலன்னுதான மழையில ஏறி வந்திருக்கேன்!"

எலிசபெத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆபிதா பீவி சிரிக்கவில்லை.

"சனிக்கிழமைக்குள்ள 'ரெண்டு தடவ வாங்கினது நெசம்'னு ஒரு தாள்ல கைநாட்டு வைக்கணுமாம். வைக்கலன்னா இலையும் தூளும் கிடையாது, பாஸ்புக்க வெட்டிருவோம்ங்காவ. பதினாறு வருசம் அதுல கிடக்கு அண்ணாச்சி. பென்சன் வரும்னு சொல்லியிருக்காவ. வீட்டுக்காரர் மவுத்தாயி ஒம்பது வருசம். இந்த வயசுல எவன் எனக்குப் புதுப் பாஸ்புக் தருவான்?"

"எத்தன பேருக்குப் பிடிக்காங்க?"

"பன்னெண்டு பேருக்கு. எல்லாம் என் வயசு ஜோட்டுப் பொம்பளைய. பக்கத்து வீட்டு மும்தாஜுக்குப் பிடிக்கல. அவ எட்டாப்பு படிச்சவ. தப்பு கூட ஆளு பாத்துத்தான் வருது."

பீடிக் கடை மேலாளருக்கு ஒரு மனுவை எலிசபெத் தட்டச்சு செய்தாள். கீழே ஆபிதா பீவியின் பெருவிரலைப் பிடித்து மைப்பேடில் அழுத்தித் தாளில் ஒற்றினாள். வெறும் கறுப்புத் திட்டு விழுந்தது. விரலைத் துடைத்து மறுபடி ஒற்றினாள். மறுபடியும் திட்டு. மூன்றாவதும் அப்படித்தான். நேற்றுதான் பேடில் மை ஊற்றியிருந்தாள். ஒரு மை ஊற்றக்கூடத் தனக்கு அளவு தெரியவில்லையே என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கெட்டுப்போன தாளைக் கசக்கப் போனபோது குமரகுருபரன் கை நீட்டினார்.

"அத இங்கன கொடுங்க அக்கா."

ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று முழுவதும் எலிசபெத் நோட்டில் எழுதி எழுதிப் பார்த்தாள். கடையில் பணத்தைக் கையாளும் ஆட்கள் இரண்டே பேர் என்று ஆபிதா பீவி சொல்லியிருந்தாள். பெட்டிச் சாவி மேலாளர் தாஜ் முகம்மதிடம். சம்பளத் தாள் எழுதிப் பணத்தைப் பட்டுவாடா செய்வது கணக்கர் பாபநாசம். மேலாளர் பெயருக்குக் கீழே கோடு போட்டாள். சாவி வைத்திருப்பவனெல்லாம் திருடனா என்று தோன்றவும் அழித்தாள். சாயங்காலம் மறுபடியும் கோடு போட்டாள்.

சனிக்கிழமை காலை பீடிக் கடை வாசலில் பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். ஆபிதா பீவி தன் கூடையை வாசலில் வைத்துவிட்டு இருவரோடும் வந்தாள். உள்ளே ஈரச் சாக்கிலிருந்து இலை வாடை அடித்தது. தாஜ் முகம்மது உட்காரச் சொல்லவில்லை.

"மனு எழுதுத ஆளெல்லாம் எப்ப வே ஆடிட்டர் ஆனீரு?"

"ஆடிட்டர் தொகையத்தான் பாத்திருப்பாரு. எனக்குத் தாளப் பாக்கணும்."

நாற்காலி இழுத்துப் போட்டதும் டீ சொன்னதும் பாபநாசம்தான். மெலிந்த மனிதர். மே மாதத் தாளையும் ஆகஸ்ட் தாளையும் அவரே எடுத்து வந்தார். "என் கவனக்குறைவுதான்யா. பேர மறுபடியும் எழுதிட்டேன். அந்தப் பொம்பளையளும் வாங்கிட்டாவ" என்றார். எலிசபெத்துக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது.

குமரகுருபரன் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். நேரம் போயிற்று. டீ ஆறிப்போயிற்று.

"இந்தக் கடையில எத்தன பேருக்குப் பாஸ்புக் இருக்கு?"

"நூத்தி நாப்பது" என்றார் மேலாளர்.

"அதுல பாதிப் பேரு கையெழுத்துப் போடுதாங்க. ஆனா ஆகஸ்டுல தவறுதலா வாங்குன பன்னெண்டு பேரும் கைநாட்டு. கவனக்குறைவு இவ்வளவு கவனமா ஆள் எடுக்காது. கையெழுத்த இன்னொருத்தன் போட்டா மாட்டிக்கிடுவான். கைநாட்டு யார் வச்சாலும் கறுப்புதானன்னு எவனோ நெனச்சிருக்கான்."

"எவனோன்னா?" தாஜ் முகம்மதின் குரல் ஏறியது.

குமரகுருபரன் சட்டைப்பையிலிருந்த தாளை விரித்தார். "இது வியாழக்கிழம இவங்க வச்சது. மூணு தடவையும் திட்டு. அக்கா, மை கூடிப்போச்சுன்னு நெனச்சீங்க, இல்லையா?"

எலிசபெத் தலையாட்டினாள்.

"பேடுல தப்பில்ல. வருசக் கணக்கா இலைய உருட்டி உருட்டி விரல்ல ரேகை தேஞ்சு போச்சு. பதிவாபீசுல பீடி சுத்துத பொம்பளையள்ட்ட ரேகை எடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்ல. மே மாசத் தாளப் பாருங்க. பன்னெண்டும் திட்டு. அது அவங்க வச்சது. ஆகஸ்ட் தாளப் பாருங்க."

எலிசபெத் கண்ணாடியை வாங்கிக் குனிந்தாள். ஆகஸ்ட் தாளில் ஒவ்வொரு ரேகையும் சுழி சுழியாகத் தெளிவாக விழுந்திருந்தது. நாள் முழுவதும் பேனா பிடிக்கும் கைக்குத்தான் அப்படி விழும்.

"எல்லாத்துலயும் நடுவுல சாய்வா ஒரு வெள்ளக் கோடு ஓடுது தம்பி!"

"பழைய வெட்டுத் தழும்பு. பன்னெண்டு பேருக்கும் ஒரே இடத்துல வெட்டு விழாது. இது ஒரே விரல்." அவர் வெள்ளைத் தாளையும் மைப்பேடையும் மேசையில் நகர்த்தினார். "ரெண்டு பேரும் வையுங்க."

தாஜ் முகம்மது வெடுக்கென்று இரண்டு பெருவிரல்களையும் அழுத்தினார். "பாரும் வே, நல்லாப் பாரும்!"

கோடு இல்லை.

"நான் கையெழுத்துப் போடுத ஆளுய்யா" என்றார் பாபநாசம். வலது பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கியிருந்தார்.

எல்லோரும் அந்தக் கையையே பார்த்தார்கள். பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான்தான் எடுத்தேன். மகனுக்குப் பாலிடெக்னிக்ல பணம் கட்டக் கடைசி நாளு. ஆடிட்ல அகப்படும்னு நெனைக்கல. அகப்பட்டதும் தவறுதலா ரெண்டு தடவ கொடுத்துட்டேன்னு சொன்னேன். என் சம்பளத்துல பிடிப்பாவன்னு பாத்தா, கம்பெனியில அவளுவ கூலியில பிடின்னு எழுதிட்டாவ. அதுக்கு அப்புறம் எப்படிச் சொல்ல?"

தன் நோட்டில் இரண்டு தடவை போட்ட கோட்டை எலிசபெத் நினைத்துக்கொண்டாள். கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் வரவில்லை. குமரகுருபரனும் அசதியாகத்தான் இருந்தார்.

தாஜ் முகம்மது எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரல் தணிந்து, ஆபிதா பீவியை அக்கா முறை வைத்துக் கூப்பிட்டார்.

"லாத்தா, உங்க தொண்ணூறு ரூவாய இப்பவே தாரேன். பாஸ்புக்குக்கு ஒண்ணும் ஆகாது. மத்தவங்களுக்கு நான் பைய பாத்துக்கிடுதேன். கம்பெனிக்குத் தெரிஞ்சா கடைய மூடினாலும் மூடிருவாவ. நீங்க வெளிய வாயத் திறக்கப்பிடாது."

அவள் வாங்கிக்கொள்வாள் என்றுதான் எலிசபெத் நினைத்தாள். வாங்கிக்கொண்டால் தப்பென்றும் சொல்ல முடியாது.

ஆபிதா பீவி சாத்திய கதவைப் பார்த்தாள்.

"சனிக்கிழம ஆனா அந்த வரிசையிலதான மொதலாளி நிக்கணும்? எனக்கு முன்னால கதீஜா நிப்பா. அவளுக்கு முப்பது ரூவா பிடிப்பீய, எனக்குப் பிடிக்க மாட்டீய. நான் எங்கன பாத்துக்கிட்டு நிக்க?"

"நான் என்ன சொல்லுதேன்னா லாத்தா…"

"பன்னெண்டு பேருக்கும் எழுதித் தாங்க. இல்லன்னா நான் இப்பவே கதவத் திறந்து சொல்லுதேன். கடைய மூடுனா எல்லாருமாச் சேந்து பட்டினி கெடக்கோம்."

தாஜ் முகம்மது பாபநாசத்தைப் பார்த்தார். பிறகு கடையின் பெயர் அச்சிட்ட தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். பிடித்தம் ரத்து, பிடித்தது திருப்பித் தரப்படும், பாஸ்புக் எதுவும் வெட்டப்படாது. எலிசபெத் சத்தமாக வாசித்தாள். பெயர்கள் வந்ததும் ஆபிதா பீவி விரல்விட்டு எண்ணினாள். பன்னிரண்டு வந்த பிறகுதான் தாளை வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்தபோது வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு கடைசியில் போய் நிற்கக் கிளம்பினாள். பாதி வழியில் ஒருத்தி கையைப் பிடித்தாள்.

"என்ன லாத்தா ஆச்சு?"

"பிடித்தம் கிடையாது கதீஜா. உனக்கும்தான்."

கதீஜா ஓரடி பின்னால் நகர்ந்து, தனக்கு முன்னால் அவளுக்கு இடம் விட்டாள்.