சிம் இல்லாத பதினோரு விநாடி

மாடிப்படியின் அடியில் தங்கை கிடந்தாள். கழுத்து, திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

அது நேற்று மதியம் மூன்று மணி.

இன்று காலை பதினொன்றுக்கு அக்கா, இன்ஸ்பெக்டரின் அறையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் தங்கையின் கணவன். கையில் கைக்குட்டை... கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை!

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா வக்கீல். இருபது வருடமாக டெலிபோன் கம்பெனிகளுக்காக மட்டுமே வாதாடுகிறவள். போன் எந்த டவரில் இருந்ததோ, ஆளும் அங்கேதான் இருந்தான் என்று சொல்லிச் சொல்லியே கோர்ட்டுகளை நம்ப வைத்தவள். அந்தப் பெருமையைச் சாப்பாட்டு மேஜையில் அவள் அளந்தபோதெல்லாம் மாப்பிள்ளை வாய் பிளந்து கேட்டான்.

கேட்டது வீண் போகவில்லை!

"நேத்து ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் சாரோட நம்பர் ஆபீஸ் டவர்லயே இருந்திருக்கு மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "கால் தவறி விழுந்ததுன்னு ஃபைலை மூடிடறேன். டவரை நம்பலாம்னு கோர்ட்ல சொன்னதே நீங்கதானே?"

அவள் பல்லைக் கடித்தாள். மாப்பிள்ளை மேல் பாதிக் கோபம். மீதி, தன் வாய் மேல்.

"வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க அண்ணி," என்றான் அவன்.

கதவு திறந்தது. கான்ஸ்டபிள் ஒரு தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். காலையில் அக்கா மன்றாடி, இன்ஸ்பெக்டரை அவசர உதவி கண்ட்ரோல் ரூமுக்கு எழுத வைத்திருந்தாள். அதற்கான பதில்.

ஒரே ஒரு வரி. நேற்று 2.41. தங்கை வீட்டு டவர். பதினோரு விநாடி, பேச்சில்லை. நம்பர் இருக்க வேண்டிய கட்டம் காலி! பக்கத்துக் கட்டத்தில் மட்டும் பதினைந்து இலக்கம்.

"நம்பரே இல்லாம எப்படி கால் வரும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சிம் இல்லாத போன் சார். அவசர நம்பருக்கு மட்டும் போகும். அந்த போன் செட்டோட பதினஞ்சு இலக்கம் பதிவாகும்." அக்கா திரும்பினாள். "மாப்பிள்ளை, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க."

அவன் கை பாக்கெட்டை இறுகப் பிடித்தது. இன்ஸ்பெக்டர் எழுந்துபோய்ப் பிடுங்கினார். *#06# தட்டி, திரையில் வந்த எண்ணைத் தாளோடு ஒப்பிட்டார்.

பதினைந்து இலக்கமும் அப்படியே பொருந்தின!

"சிம்மை மட்டும் கழட்டி, ஒரு பழைய செட்ல போட்டு ஆபீஸ்ல வச்சுட்டு வந்திருக்கே," என்றாள். "ஆனா சோறு திங்கறப்பக்கூட இந்த போனை விடாதவன் நீ. வெறும் போனைத் தூக்கிக்கிட்டு என் தங்கச்சியைக் கொல்ல வந்தே. அவ போன் மாடியில சார்ஜ்ல இருந்துது. உன் பாக்கெட்லேர்ந்து போனைப் பிடுங்கி அவசர நம்பரை அடிச்சிருக்கா."

அவன் முகம் வெளிறியது. வாய் முந்திக்கொண்டது.

"அந்த மாதிரி கால் எதுவும் பதிவுல இருக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"சொன்னேன். அதையெல்லாம் பதிஞ்சு வைக்க முடியாதுன்னு கம்பெனிக்காக நாலு வருஷம் வாதாடிட்டிருந்தேன். போன வருஷம் தீர்ப்பு வந்துது. தோத்துட்டேன். இப்ப எல்லாமே பதிவாகுது."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"தோத்த கேஸை நான் சாப்பாட்டு மேஜையில சொல்றதில்லடா!"