சாக்குக்குள் பூசணிக்காய்

பதிந்து வைத்த மௌனத்துக்குள் யாரோ மூச்சுவிட்டார்கள்.

இராஜநாயகம் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, நாடாவைப் பின்னால் சுற்றி மறுபடியும் கேட்டார். இருந்தது. வசனங்களுக்கு இடையில் நாடாவை வெறுமையாக விட்டால் கேட்பவருக்குக் காது அடைத்ததுபோல் இருக்கும் என்பதால், ஒவ்வொரு பதிவும் முடிந்த கையோடு ஆளரவமற்ற அறையை ஒரு நிமிடம் பதிந்துவைத்து, அந்த மௌனத்தையே வெட்டி இடைவெளிகளில் ஒட்டுவது ஒலிப்பதிவுத் தொழிலின் வழக்கம். அந்த ஒரு நிமிடமும் மூச்சை அடக்கி நிற்பதில் அவருக்கு இருபது வருடப் பழக்கம். இது அவருடைய மூச்சல்ல. மூக்கு உடைந்த ஒருவன் வாயால் இழுக்கிற ஈர மூச்சு.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையின் மாடிதான் ஸ்டூடியோ. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, யன்னலில் பழைய மெத்தையைச் சாத்தியிருந்தார்கள். பதிவு நடக்கும்போது மின்விசிறி போடக் கூடாது. தொண்ணூற்றாறாம் ஆண்டின் அந்த வறட்சியில் மின்சாரமே நாளில் பாதி நேரம் கிடையாது. வியர்வையும் நனைந்த சாக்கும் நசுங்கிய பூசணிக்காயும் சேர்ந்து, அறைக்குள் ஒரு புளித்த நாற்றம் எப்போதும் நின்றது.

கார்ட்டூன் எங்கோ பனி விழுகிற நாட்டில் வரைந்தது. இங்கே ஊமையாக வந்து இறங்கியது. அதற்குத் தமிழில் குரலும் சத்தமும் கொடுக்கும் வேலையை ஸ்டூடியோக்காரர் யோகநாதன் எடுத்திருந்தார். சத்தங்கள் இராஜநாயகத்தின் பொறுப்பு. சின்னப் பிள்ளைகளுக்கு எண் பழக்கும் தொடர். கள்ளப்பூனை மீன் திருடும். சமையற்கார யானை அதைப் பிடித்துச் சாக்கில் போட்டுக் கட்டி, பொல்லால் அடிக்கும். முதலாம் கிழமை ஓர் அடி, இரண்டாம் கிழமை இரண்டு. வீட்டில் இருக்கும் பிள்ளைகளும் கூடவே எண்ணிச் சிரிக்கும். வாரப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, அந்த அடி எப்படி அவ்வளவு அசலாக விழுகிறது என்று கேட்டபோது, "பூனையைப் பிடிச்சுத்தான் அடிக்கிறன்" என்று இராஜநாயகம் கண்ணைச் சிமிட்டினார். உண்மையில் ஈரச் சாக்குக்குள் ஒரு பூசணிக்காய். எலும்பு முறிகிற சத்தத்துக்கு இரண்டு பொரித்த அப்பளம்.

அது மகன் றேமண்ட் வீட்டோடு இருந்த காலம். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அவனைக் கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் வைத்தே யாரோ வான் வண்டியில் ஏற்றிப் போய் இப்போது பதினேழு நாள் ஆகிவிட்டது. தலையில் சாக்கைப் போட்டுத்தான் ஏற்றினார்கள் என்று எதிர்வீட்டு அங்கம்மா சொன்னாள். போய்க் கேட்ட பொலிஸ் ஸ்டேஷன், ஆமி முகாமெல்லாம் சிங்களத்தில் "எஹெம கெனெக் நே" என்றார்கள். அப்படியொருவன் இல்லையாம். மனைவி அருள்நாயகி சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள்.

"உயிரோட இருக்கிறானோ இல்லையோ, அதை மட்டும் ஆராவது சொன்னாக் காணும்" என்றாள் தினமும்.

அந்த மூச்சுக்கு அடுத்து வந்த எட்டாவது அத்தியாயத்துக்கு எட்டு அடி அடித்தார். பொல்லை வைத்துவிட்டு மௌனத்தைப் பதிந்தார். பூசணிக்காய் அசையாமல் கிடந்தது. பதிந்ததைப் போட்டுக் கேட்டபோது, எங்கோ ஆழத்தில், சீமெந்துத் தரையில் தண்ணீர் சொட்டுகிற ஓர் இடத்தில், சதையின் மேல் எட்டு அடி விழுந்தது. அவர் கை ஓங்கிய அதே இடைவெளிகள். ஐந்தாவதுக்கு முன் வியர்வையைத் துடைக்க நின்றாரே, அந்தத் தாமதமும் இருந்தது. ஒவ்வொன்றின் பின்னும் பல்லைக் கடித்து அடக்குகிற ஒரு "ம்ம்".

பத்து வயதில் முறிந்த கையை வைத்தியர் இழுத்துக் கட்டியபோது றேமண்ட் அழவில்லை. இப்படித்தான் முனகினான்.

இராஜநாயகம் நாடாவை நிறுத்தினார். அந்தச் சாக்கை அன்றே கொளுத்தியிருக்கலாம். பெற்ற மனம் கேட்குமா? அடுத்த நாள் கதவைத் தாழிட்டு, இரண்டு விரலால் சாக்கைத் தட்டினார். மெல்ல. பதிந்தார். கேட்டார்.

"ம்ம்."

உயிரோடிருக்கிறான்.

அன்று மாலை அருள்நாயகி வாய் திறக்க முன்பே சொன்னார்.

"இருக்கிறான்."

"ஆர் சொன்னது? கண்டவையோ?"

"காணேல்ல. சத்தம் கேட்டவையாம்."

அவள் அன்றுதான் சாப்பிட்டாள். அதன் பிறகு விடுவாளா? "இண்டைக்கும் கேட்டவையாமோ?" என்று வாசலிலேயே நிற்பாள். அவரும் ஒவ்வொரு நாளும் தட்டினார். புதன்கிழமை இரண்டு விரலுக்குப் பதில் வரவில்லை. முஷ்டியால் குத்தினார். இல்லை. வீட்டு வாசலில் நிற்கப்போகிறவளின் முகம் கண்ணுக்குள் வந்தது. பொல்லை எடுத்தார். ஓங்கி அடித்தார்.

நாடாவில் எலும்பு முறிந்தது. பிறகு "ம்ம்". பிறகு தொண்டைக்குள் ஏதோ கொப்பளித்தது.

அன்று சாக்குக்குள் அவர் அப்பளம் வைக்கவேயில்லை.

சாக்கை வெட்டி எறிந்தார். பூசணிக்காயைக் கடலில் போட்டார். யோகநாதனிடம் போய் நின்றார்.

"சனிக்கிழமை அஞ்சரைக்கு ஓடவேணும் அண்ணை. ஒம்பதாம் கிழமைக்கு ஒம்பது அடிதானே?"

"என்ர கையால இனி ஓர் அடியும் விழாது. நீங்களும் அடிக்கப்படாது. ஒருதரும் அடிக்கப்படாது. சத்தியம் பண்ணுங்கோ."

பிள்ளையைப் பறிகொடுத்த மனுசன் என்று இரக்கப்பட்டு யோகநாதனும் சத்தியம் பண்ணினார்.

சொல் தவறவுமில்லை. சனி பின்னேரம் நாலு மணிக்கு இராஜநாயகம் போனபோது, யோகநாதன் பூரித்துப் போயிருந்தார்.

"ஒருதரும் அடிக்கேல்ல அண்ணை. பழைய ரேப்பில ஓர் அடியை வெட்டி, தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்கினன். அது தன்ர பாட்டில சுத்திச் சுத்தி அடிக்குது. ஒம்பது எண்ணிப்போட்டு நிப்பாட்டினன்."

"எந்த அடி?"

"புதன்கிழமை நீங்கள் அடிச்சது. சும்மா சொல்லக்கூடாது, அசல்!"

பதிவு நாடா காலையிலேயே ஒளிபரப்புக்குப் போய்விட்டிருந்தது. அந்த வளையம் மட்டும் ஓர் ஆணியில் தொங்கியது. இராஜநாயகம் பிளேட்டால் அதைத் துண்டு துண்டாக வெட்டினார். அருள்நாயகி தனியே இருக்கிறாள். அவள் கேட்கக் கூடாது. பஸ் பிடித்தார். இரண்டு சோதனைச் சாவடியில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். கொட்டாஞ்சேனையில் இறங்கி ஓடினார்.

வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் யன்னல்களெல்லாம் திறந்து கிடந்தன. எல்லா வீட்டிலும் அதே யானை பொல்லைத் தூக்கியது.

"ஒண்டு!" என்று கத்தின பிள்ளைகள்.

அடி. ம்ம்.

"ரெண்டு!"

அவருடைய செருப்பு எங்கோ கழன்றது. ஏழு. எட்டு.

"ஒம்பது!"

சிரிப்பு. கைதட்டல். முடிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அடி.

"பத்து!" என்றன பிள்ளைகள், இன்னும் சந்தோஷமாக.

அடி. அடி.

உள்ளே பாய்ந்தார். அருள்நாயகி டீவியின் முன் முழந்தாளிட்டிருந்தாள். இரண்டு உள்ளங்கையும் அதன் ஸ்பீக்கரின் மேல்.

"இஞ்சேருங்கோ. இது எங்கட பிள்ளை."

அவர் வயரைப் பிடிக்கக் குனிந்தார். அதற்குள் மின்சாரம் போனது. ஒழுங்கை முழுவதும். யானை ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தது.

இருட்டிய கண்ணாடிக்குள் இருந்து அடி விழுந்தது.

எல்லா வீட்டிலும் விழுந்தது. பிள்ளைகள் எண்ணிக்கொண்டே இருந்தன. இருபதோடு சின்னதுகளுக்குத் தெரிந்த எண்கள் தீர்ந்துபோயின. எதிர்வீட்டுச் சிறுமி மட்டும் விடவில்லை. முப்பது. முப்பத்தைந்து. "ம்ம்" தேய்ந்து, ஈரமாகி, கொப்பளித்து.

"நாப்பத்தொண்டு!"

அடி. வெறும் அடி.

அருள்நாயகி காதை ஸ்பீக்கரோடு ஒட்டினாள். அசையாமல் கேட்டாள். அவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார், பழக்கத்தில்.

"சத்தம் காணேல்லையே" என்றாள். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தாள். கண்களில் அத்தனை ஆசை. "பொறுங்கோ. இன்னும் ஒண்டு விழட்டும். கேப்பம்."

"நாப்பத்திரண்டு!"